வாச்சாத்தியும் நாத்தான்வேலின் கேள்வியும்



யோவான் சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தில், இயேசுவின் ஊர் நாசரேத்து என்று பிலிப்பு சொன்னதும், அந்த ஊரிலிருந்து நல்லது எதுவும் வருமா என்று நாத்தான்வேல் ஐயப்படுகிறான். இத்தனைக்கும் அவன் தீயவன் அல்லன். கபடற்றவன் என்று ஆண்டவரே அவனைக் குறித்துச் சாட்சி கொடுத்தார். அப்படியானால், நல்லவர்களின் உள்ளத்திலும் ஓர் ஊரைப் பற்றிய தீர்ப்பு விசாரணையின்றிக் குடியிருக்கக்கூடும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் தருமபுரி மாவட்டமே சாட்சி.

அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடாதிருங்கள். அவர்கள் நம் மலைகளின் மக்கள். சந்தன மரக் கடத்தல் மிகுந்திருந்த நாட்களில் கடத்தல்காரர் என்ற பெயர் அந்த ஊர் முழுவதன் மேலும் விழுந்தது. 1992-ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சோதனை என்று சொல்லி ஊருக்குள் புகுந்தனர். மக்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளுங்கூடச் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

அப்போது நான் இளைஞன். அவர்கள் கடத்துகிறவர்கள்தானே என்று பேருந்தில் ஒருவர் சொன்னார், நானும் தலையசைத்தேன். அந்த ஊரில் ஒருவரையும் நான் அறியேன். அந்தத் தலையசைப்பை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை.

இவ்வகை நினைப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்டீரியோடைப் என்ற சொல் அச்சகத்திலிருந்து வந்தது. ஒருமுறை வார்த்த உலோகத் தகடு, எத்தனை தாள் வைத்தாலும் ஒரே உருவத்தைத்தான் பதிக்கும். நம் மனத்திலும் அத்தகைய தகடுகள் உண்டு என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-இல் எழுதினார். நாம் பார்த்தபின் முடிவு செய்வதில்லை. முடிவு செய்துவிட்டே பார்க்கிறோம். ஆங்கிலேயர் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டமும் அப்படிப்பட்ட தகடே. பிறப்பினாலேயே சில சமூகங்களை அது குற்றவாளிகளாக்கியது. 1952-இல் அந்தச் சட்டம் நீங்கிற்று. அந்த நினைப்போ நீங்கவில்லை. சரியாக 40 ஆண்டுகளுக்குப் பின் வாச்சாத்தி நடந்தது.

நீதி மெதுவாக வந்தது. 1995-இல் உயர்நீதிமன்றம் விசாரணையை சிபிஐ வசம் ஒப்படைத்தது. 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர். மற்ற 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே இந்த எளிய மக்கள் வதைக்கப்பட்டனர் என்றும் அந்தத் தீர்ப்பு உணர்த்திற்று. பாருங்கள், பழிச்சொல் குற்றமற்றவரை நசுக்கியதோடு, குற்றவாளிக்கு மறைவிடமும் ஆயிற்று.

மேல்முறையீட்டில் தீர்ப்பு எழுதுமுன் நீதிபதி பி. வேல்முருகன் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். 2023 மார்ச் மாதம் அவர் வாச்சாத்திக்கே சென்று, அந்த இடங்களைப் பார்த்து, அந்த மக்கள் சொன்னதைக் கேட்டார். நாத்தான்வேலிடம் பிலிப்பும் வாதாடவில்லை; நேரில் வந்து பார்க்கும்படிதான் அழைத்தான். நாத்தான்வேலும் எழுந்து போனான். போனபடியால் ஆண்டவரைக் கண்டுகொண்டான்.

பிரியமானவர்களே, அந்தத் தெருக்காரர், அந்தச் சாதியார், அந்த மலைக்காரர் என்று நாமும் ஒரே சொல்லில் முடித்துவிட்ட மனிதர் எத்தனை பேர்? அவர்களில் ஒருவருடைய வீட்டுத் திண்ணையிலாவது நாம் உட்கார்ந்து பேசியதுண்டா? இந்த வாரம் அவர்களில் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். அடுத்த முறை பேருந்திலோ ஆலய வாசலிலோ ஒருவர் ஓர் ஊரையே பழித்துப் பேசினால், என்னைப்போல் தலையசைக்காதிருங்கள். நாசரேத்தூராரென்று அழைக்கப்பட வெட்கப்படாத நம் ஆண்டவர்தாமே நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.