அறிவிப்பு மட்டும் போதுமா?



"அரசு எவ்வளவோ உதவித்தொகை கொடுக்கிறது, ஜனங்களுக்குத்தான் வாங்கத் தெரியவில்லை" என்று பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவிலும் இப்படித்தான் வெகுகாலம் பேசினார்கள். ஆனால் பேச்சோடு நிற்காமல் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். அந்த வரலாறு நமக்கும் உதவும் என்பதால் இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அங்கே அரசு ஏழை மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பப் பெரிய அளவில் பணம் ஒதுக்கியது 1965-இல். உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சன் நம் இனத்தவர், அதாவது ஆசிரியர்! டெக்சாஸில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, கையில் பணமில்லாமல் இடையில் ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டு, கோட்டுலா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். தாம் படித்த அதே கல்லூரிக்குப் போய்த்தான் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

1972-இல் திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகைத் திட்டம் ஒன்று வந்தது. அதற்காகப் பாடுபட்ட செனட்டர் கிளெய்போர்ன் பெல் பெயரால், 1980 முதல் அது 'பெல் உதவித்தொகை' ஆனது.

பணம் வந்தது, கூடவே படிவமும் வந்தது. 'ஃபாஃப்சா' என்ற அந்த விண்ணப்பத்தில் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. வருமானம், வரி, சேமிப்பு, குடும்ப விவரம் என்று நீண்டுகொண்டே போகும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பிள்ளைகள் ஏராளம். 'விளம்பரம் போதவில்லை, நன்றாக எடுத்துச் சொன்னால் வருவார்கள்' என்பதே பலரின் எண்ணமாக இருந்தது.

2008-இல் ஒஹையோ, வட கரோலினா மாநிலங்களில் சில பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வரிக் கணக்கு எழுதித் தரும் ஒரு நிறுவனத்துக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, எவ்வளவு உதவி கிடைக்கும், பக்கத்துக் கல்லூரிகளில் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு பிரிவினருக்கு, வரிக் கணக்கில் ஏற்கெனவே இருந்த விவரங்களை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து சில நிமிடங்களில் படிவத்தையே நிரப்பித் தந்தார்கள்.

தகவல் மட்டும் பெற்ற வீடுகளில் மாற்றமே இல்லை. படிவம் நிரப்ப உதவி கிடைத்த வீடுகளில், பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் அடுத்த மூன்றாண்டுக்குள் இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 ஆனார்கள். நூறு பிள்ளைகளில் எட்டுப் பேர் கூடுதல். எட்டுப் பேரின் வாழ்க்கை என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது 2015, மிச்சிகன். அம்மாநில அரசுப் பல்கலைக்கழகம், நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் கடிதம் அனுப்பியது. "உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகைப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம்" என்பதே அதன் சாரம். இதில் புதிய பணம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு எப்படியும் அந்தச் சலுகை கிடைத்திருக்கும். ஆனாலும் கடிதம் வராதவர்களில் 26 சதவீதம் பேரும், வந்தவர்களில் 68 சதவீதம் பேரும் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 ஆனார்கள்.

பிறகு அதே சலுகையை, "வருமானத்தை நிரூபித்தால்" என்ற நிபந்தனையோடு சொல்லிப் பார்த்தார்கள். விண்ணப்பம் கொஞ்சம்தான் கூடியது, சேர்க்கை கூடவே இல்லை. 'கிடைத்தால் கிடைக்கும்' என்ற பேச்சை நம்பி ஏழை வீடு பிள்ளையை அனுப்புவதில்லை.

விளம்பர வாசகத்தையே பெரிய அளவில் சோதித்த ஆய்வு 2021-இல் வெளியானது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஃபாஃப்சாவை நினைவூட்டிச் செய்திகள் போயின. வாசகத்தை மாற்றினார்கள், அனுப்பும் வழியை மாற்றினார்கள், நேரத்தை மாற்றினார்கள். உதவித்தொகை பெற்றவர்களும் கூடவில்லை, கல்லூரியில் சேர்ந்தவர்களும் கூடவில்லை.

படிவத்தைச் சுருக்க 2020-இல் அங்கே சட்டம் வந்தது. புதிய படிவம் 2023 டிசம்பர் கடைசியில், தாமதமாகவும் கோளாறுகளோடும் வெளிவந்ததால், 2024-இல் பல மாணவர்கள் தவித்தார்கள். ஆக, சுருக்கினால் மட்டும் போதாது, ஒழுங்காக வேலையும் செய்ய வேண்டும்.

இந்த முடிவுகள் எனக்கு வியப்பாக இல்லை. நான் பணியில் இருந்தபோது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையைப் பிள்ளைகள் படிக்காமல் இல்லை. படித்துவிட்டு, "சார், வருமானச் சான்றுக்கு அப்பா ஒரு நாள் கூலியை விடணுமே" என்பார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இல்லாதது கூலியை விட ஒரு நாள், கூட நிற்க ஓர் ஆள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், வங்கியிலும் அரசு அலுவலகங்களிலும் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உதவித்தொகைச் செய்தி வந்தால் பத்துக் குழுக்களுக்கு ஃபார்வர்டு செய்வதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிப் பொத்தானை அழுத்தும் வரை கூட இருங்கள். அந்த அரை மணி நேரம் ஒரு பட்டமாக மாறலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.