தக்காவியும் தவணைப் பணமும்

கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூர் மலைச்சரிவுகளில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. விதைக்குப் பணம் தேடும் கவலை அங்கும் உண்டு. அக்கவலைக்கு அரசு கைகொடுத்த வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

தக்காவி என்னும் சொல்லை மாணவர்களாகிய நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். வலுவூட்டுதல் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. கிணறு வெட்டுதல் போன்ற நிலத்திருத்தங்களுக்கு 1883ஆம் ஆண்டுச் சட்டமும், விதைக்கும் மாட்டிற்கும் 1884ஆம் ஆண்டுச் சட்டமும் பணம் வழங்க வழிசெய்தன. கொடையன்று, கடன். தவணை தவறினால் நிலவரிப் பாக்கியைப் போலவே தண்டினர். வலுவூட்டுதல் என்ற பெயர் யாருக்குப் பொருந்திற்றோ!

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய, பி.எம். கிசான் எனப்படும் உழவர் நிதித் திட்டமோ கடனன்று. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக, உழவர் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் சேரும். 2020இல் தமிழ்நாட்டில் தகுதியற்றோர் இலட்சக்கணக்கில் அதில் புகுந்தது கண்டறியப்பட்டது. அதனினும் என்னை உறுத்துவது வேறொன்று. பெயரில் நிலம் இருந்தால்தான் இப்பணம் வரும். குத்தகைக்கு உழுபவருக்கும், பூண்டு பறிக்கும் கூலியாளுக்கும் இதில் இடமில்லை. குத்தகையாளர் உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அப்பதிவைக் காட்டினாலும் இந்த 6,000 ரூபாய் கிடைக்காது. பட்டாவில் பெயர் வேண்டும்.