பறவை மூளைப் பகுதிகளின் பெயரீட்டு வரலாறும் வேதியியல் சான்றும்

முன்னுரை

பறவைகளின் பெருமூளைப் பகுதிகளுக்கு இடப்பட்ட பெயர்கள், அவை இயல்பூக்கத்தால் மட்டுமே இயங்குவன என்னும் கருத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நிலைநிறுத்தின. வேதியியல் சான்று அக்கருத்தைத் தகர்த்த வகையினையும், சான்று கிடைத்த பின்னரும் பெயர்மாற்றம் காலந்தாழ்ந்தமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எடிங்கரின் பெயரீடு

முதுகெலும்பிகளின் மூளை, பழைய பகுதியின்மேல் புதிய பகுதி சேர்ந்து வளர்ந்தது என ஜெர்மானிய நரம்பியலறிஞர் லுத்விக் எடிங்கர் (1855–1918) கருதினார். பாலூட்டிகளின் பெருமூளை அடியில் அமைந்த ஸ்ட்ரையேட்டம் இயல்பூக்கத்திற்கும், அதனைச் சூழ்ந்த அடுக்குப் புறணி அறிவுக்கும் உரியனவாகக் கொள்ளப்பட்டன. பறவைகளிடம் அத்தகைய அடுக்குகள் புலப்படாமையால், அவற்றின் பெருமூளை பெரும்பாலும் ஸ்ட்ரையேட்டமே என முடிவு செய்யப்பட்டது. பேலியோஸ்ட்ரையேட்டம், நியோஸ்ட்ரையேட்டம், ஹைப்பர்ஸ்ட்ரையேட்டம் ஆகிய பெயர்கள் இவ்வடிப்படையில் அமைந்தவை. ஆரியன்ஸ் காப்பர்ஸ், ஹூபர், கிராஸ்பி ஆகியோரின் 1936ஆம் ஆண்டு நூல் இப்பெயர் மரபை வேரூன்றச் செய்தது.

வேதியியல் சான்று

பாலூட்டிகளின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைனும் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்னும் நொதியும் மிகுந்திருக்கும். எனவே, பறவையின் பெருமூளை முழுவதும் ஸ்ட்ரையேட்டமாயின் இவை எங்கும் மிகுந்திருத்தல் வேண்டும். 1967இல் ஜுவோரியோ, மார்த்தா வோக்ட் ஆகியோர் பறவை மூளையில் மேற்கொண்ட அளவீடு, டோபமைன் பெருமூளையின் அடிப்பகுதியிலேயே செறிந்திருப்பதைக் காட்டியது. நொதிச் சாயமேற்றலும் அதே எல்லையை வரைந்தது. ‘நியோஸ்ட்ரையேட்டம்’ எனப்பட்ட பகுதி, புறணியைப் போலவே பார்வை, கேள்வி ஆகிய புலன்வழிச் செய்திகளைப் பெறுகிறது என 1969இல் ஹார்வி கார்ட்டென் எடுத்துரைத்தார். பின்னர் பொருள் பி, என்கெஃபலின் ஆகிய நரம்புப் பெப்டைடுகளின் பரவலும், வளர்கருவில் மரபணுக்கள் வெளிப்படும் முறையும் இவ்வெல்லையை உறுதிசெய்தன.

பெயர்மாற்றம்

ஆயினும் பாடநூல்களிலும் மூளை வரைபடங்களிலும் பழைய பெயர்களே நீடித்தன. 2002இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கூடிய பெயரீட்டு மன்றம் அவற்றைத் திருத்தியது. அதன் முடிவுகள் 2004இல் வெளியாயின. நியோஸ்ட்ரையேட்டம் நிடோபேலியம் எனவும், ஆர்க்கிஸ்ட்ரையேட்டத்தின் பெரும்பகுதி ஆர்க்கோபேலியம் எனவும் பெயர்பெற்றன. பேலியம் என்பது புறணியையும் உள்ளடக்கிய மேற்பகுதியைக் குறிக்கும் பொதுச்சொல். பறவைப் பெருமூளையில் ஏறத்தாழ 75 விழுக்காடு இதுவே. பாடும் பறவைகளின் எச்.வி.சி. என்னும் பகுதிக்கு மட்டும், பழைய விரிவு நீக்கப்பட்டு எழுத்துகளே பெயராக நிறுத்தப்பட்டன.

முடிவுரை

இப்பகுதிகள் ஸ்ட்ரையேட்டம் அல்ல என்பதை வேதியியல் நிறுவியது. அவை புறணியின் எப்பகுதிக்கு நிகரானவை என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. அதனாலேயே மன்றம் ‘புறணி’ எனப் பெயரிடாது, ‘பேலியம்’ என்னும் பொதுச்சொல்லோடு நின்றது. எடிங்கர் காலத்துப் பெயரீடு சான்றுக்கு முன்னே சென்றது. புதிய பெயரீடு சான்றின் எல்லையில் நிற்கிறது.