பட்டியலும் தடமும்: பழைய ரீவி கேம் கசற்றுகளைச் சேர்க்கும் இரண்டு வழிகள்

என் மேசையில் இரண்டு கேம் கசற்றுகள் கிடக்கின்றன. ஒன்று சாம்பல் நிறம், உள்ளங்கையைவிடப் பெரியது. கனடாவில் ஸ்காபரோவில் வளர்ந்த மருமகன் விடுமுறைக்கு வந்தபோது தந்துவிட்டுப் போனது. மற்றது மஞ்சள் நிறம், அதில் பாதியளவுதான் வரும். ஒரு மூலை உடைந்து பிளாஸ்ரர் சுற்றியிருக்கிறது. முதுகுப்பக்கத்தில் நீல மையில் ஒரு பிள்ளையின் பெயர், அதன் கீழே வகுப்பு. வவுனியாவில் ரீவி, றேடியோ திருத்தும் கடையொன்றில் பழைய றிமோட்டுகளோடு ஒரு சொப்பிங் பைக்குள் கிடந்தது. "கொண்டு போங்கோ தம்பி, ஆர் இனி இதைத் தேடப் போகினம்" என்று கடைக்கார ஐயா காசு வாங்காமலே தந்தார்.

மருமகனும் சேர்க்கிறான், நானும் சேர்க்கிறேன். அவன் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. கிடைத்ததைக் கோடு போட்டு அடித்துக்கொண்டே போகிறான். நான் தேடுவது ஒரு கசற் எந்தப் பாதையால் வந்தது என்பதை. இந்த இரண்டு முறைகளையும் பட்டியல் வழி, தடம் வழி என்று வைத்துக்கொள்வோம். வன்னியில் இருந்துகொண்டு சேர்க்க நினைப்பவருக்கு எது பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

பட்டியல் வழி வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக்கூடாது. அதற்குப் பின்னால் நல்ல ஒழுங்கு இருக்கிறது. நிண்டெண்டோ நிறுவனம் 1983 யூலை 15 அன்று யப்பானில் ஃபமிகொம் என்ற இயந்திரத்தை வெளியிட்டது. அதையே உருமாற்றி 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அமெரிக்க இயந்திரத்துக்கு நிறுவனத்தின் அனுமதியோடு வெளிவந்த கசற்றுகள் 670க்கும் சற்று அதிகம். எண்ணிக்கை முடிந்துபோன ஒன்று என்பதால் அதைப் பட்டியலாக அச்சடிக்க முடியும். சேர்ப்பவர் முதலில் ஒரே இயந்திரத்தை, ஒரே நாட்டு வெளியீட்டைத் தெரிவுசெய்கிறார். மலிவான, எங்கும் கிடைக்கும் கசற்றுகளை மொத்தமாக வாங்கி, இரட்டையாக வந்தவற்றை விற்று, அந்தக் காசில் அடுத்ததை வாங்குகிறார். விலை கூடியவை கடைசிக்குப் போகின்றன. 1987இல் கடைக்கு வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்ட ஸ்ரேடியம் ஈவென்ற்ஸ், 1990ஆம் ஆண்டுப் போட்டியை ஒட்டி 26 மட்டுமே செய்யப்பட்ட பொன்னிறக் கசற் போன்றவை அந்தக் கடைசி வரிசையில் நிற்கின்றன.

இதில் போலி வாங்கி ஏமாறாமல் இருப்பது பெரிய வித்தை. 3.8 மில்லிமீற்றர் தலையுள்ள விசேட திருகாணிச் சாவியால் கசற்றைத் திறந்து, உள்ளே பச்சைப் பலகையில் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருமகன் என் மேசையில் வைத்தே சாம்பல் கசற்றைத் திறந்து காட்டினான். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் பலகை அடியில் ஒரு சிறு பகுதியில்தான் இருந்தது. மிச்சமெல்லாம் வெறும் காற்று. பலகையில் தெளிவான எழுத்துகள், இலக்கமிட்ட சிப்புகள். ஒரு பிறப்புச் சான்றிதழைப் பார்ப்பதுபோல இருந்தது.

பிறகு மஞ்சள் கசற்றைத் திறந்தேன். இதற்குச் சாவி தேவைப்படவில்லை, நகத்தால் நெம்பினாலே கழன்றது. உள்ளே தீப்பெட்டியளவு பலகை, நடுவில் சிந்திய தார்போலக் கறுப்பு உருண்டை ஒன்று. அந்தப் பிசினுக்குள்தான் சிப் இருக்கிறது. எழுத்தில்லை, இலக்கமில்லை, ஆண்டில்லை, செய்தவர் பெயரும் இல்லை. மருமகன் அதைப் பார்த்து, "மாமா, இது ஃபேக்" என்றான். அவன் வழியில் அது சரியான தீர்ப்பு. அவன் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

ஆனால் வன்னிக்கு வந்து சேர்ந்தது இந்த மஞ்சள் கசற்தான். காரணம் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. அமெரிக்க இயந்திரத்தின் கசற்றுக்கு 72 ஊசிகள். உள்ளே ஒரு பூட்டுச் சிப் இருந்து, அனுமதி இல்லாத கசற்றைத் தடுக்கும். யப்பானிய ஃபமிகொமுக்கு 60 ஊசிகள், பூட்டு இல்லை. ஆகவே தாய்வான், ஹொங்கொங், சீனத் தொழிற்சாலைகள் அதைப் பிரதிசெய்து உலகெங்கும் அனுப்பின. ரஷ்யாவில் அது டென்டி என்று பெயரெடுத்தது. எங்கள் பக்கத்தில் பெயரே தேவைப்படவில்லை, ரீவி கேம் என்றால் போதும்.

பட்டியல் வழியின் குறை எனக்கு முதலில் உறைத்தது ராங்கி விளையாட்டைத் தேடியபோது. செங்கல் சுவருக்குப் பின்னால் ஒரு கழுகுச் சின்னம். அதை எதிரி ராங்கிகள் உடைக்காமல் காக்க வேண்டும். நம்கோ நிறுவனம் 1985இல் யப்பானில் வெளியிட்ட பற்றில் சிற்றி அது. 35 கட்டங்கள், இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம், சுவர்களை நாமே அடுக்கிக் களம் அமைக்கவும் முடியும். ரீவி கேம் பிடித்த எங்கள் பிள்ளைகளில் அதைத் தெரியாதவர்களை நான் கண்டதில்லை. மருமகனின் பட்டியலில் அது இல்லை. அமெரிக்காவில் அந்த நாட்களில் அது கசற்றாக வெளிவரவே இல்லை. அவன் தன் பட்டியலை முழுதாக முடித்து அலுமாரியை நிரப்பினாலும் எங்கள் பிள்ளைகள் அதிகம் விளையாடிய விளையாட்டு அதில் இருக்காது.

இனி வன்னியின் காலத்தைப் பார்ப்போம். 1990இலிருந்து பொருளாதாரத் தடை. தடுக்கப்பட்ட சாமான்களில் பற்றறியும் ஒன்று. மின்சாரம் அறுந்துபோயிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். ரீவியே இல்லாத இடத்தில் ரீவி கேம் எங்கே? அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியா நகரத்தில் நிலைமை வேறு. அங்கே மின்சாரம் இருந்தது, கடைகள் இருந்தன. ஆக, வன்னி என்று ஒரே பெயரில் சொல்லும் நிலத்துக்குள்ளேயே ஓமந்தைக்குத் தெற்கே ஒரு காலமும் வடக்கே இன்னொரு காலமும் ஓடிக்கொண்டிருந்தன. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகுதான் கிளிநொச்சிப் பக்கத்தில் நான் முதன்முதலில் ரீவி கேம் கண்டேன். ஜெனரேற்றர் ஓடும் வீட்டில், படம் போட முன்னம் அரைமணித்தியாலம். அடுத்த ஆண்டு, 2003இல், நிண்டெண்டோ யப்பானில் ஃபமிகொம் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. அங்கே இருபது வயதில் முடிந்துபோன விளையாட்டு எங்கள் முற்றத்தில் அப்போதுதான் புத்தம்புதுசு.

பட்டியலில் 2002க்கு எந்த இடமும் இல்லை. 1983, 1985 என்ற வெளியீட்டு ஆண்டுகள்தான் அங்கே உண்டு. தடம் வழியில் அதுவே முதன்மையான ஆண்டு.

பிறகு 2008, 2009. கிளிநொச்சி விழுந்தது 2009 சனவரி 2. அதற்கு முன்னரே வீட்டுச் சாமான்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு சனம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. நகர நகரச் சாமான் குறைந்தது. ரீவி போன்ற பாரங்கள் வழியில் நின்றன. கடைசியில் முள்வேலிக்குள், செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமுக்குள், உயிரும் உடுத்த துணியுமாகப் போனவர்களே அதிகம். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். திரும்பி வந்த காணிகளில் கிடந்ததைப் பழைய இரும்பு யாவாரிகள் நிறுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இப்படியொரு நிலத்தில் "பெட்டியோடு, மட்டையோடு, கீறலில்லாமல்" என்று கேட்பதில் பொருளில்லை. பட்டியல் வழியில் பிரிக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு. 2021 யூலையில் பிரிக்காத சுப்பர் மாரியோ 64 ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 இலட்சம் டொலருக்கு மேல் போனது. இங்கே மதிப்பு நீல மையில் எழுதிய அந்தப் பெயருக்கு. பட்டியல்காரர் அதைத் திரவம் போட்டு அழிப்பார், நான் தொடமாட்டேன்.

தடம் வழியை எப்படிச் செய்வது? தேடும் இடம் முதலில் மாறுகிறது. இணைய ஏலத்தில் தேடிப் பயனில்லை. திருத்தும் கடைகள், பழைய இரும்பு முற்றங்கள், 2009க்கு முன்னரே வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்துவிட்ட குடும்பங்களின் றங்குப்பெட்டிகள் ஆகியவையே எங்கள் சந்தை. கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டை எழுதுகிறேன். எங்கே கிடைத்தது, எந்த நாளில், ஆரிடமிருந்து ஆரிடம் போனது, எந்த ஊர்களால் வந்தது. மட்டையின் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே நான் கண்ணால் கண்டது. கீழே தந்தவர் சொன்னது. இரண்டையும் கலக்கக்கூடாது. தந்தவரின் பெயரை அவர் சம்மதமில்லாமல் வெளியில் சொல்வதில்லை.

அந்தக் கோடு ஏன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தடம் வழியின் பெரிய பலவீனம் அதிலேதான் இருக்கிறது. மனித ஞாபகம் வழுக்கும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தது என்று ஒருவர் சொல்வார். அவருடைய அக்கா, பாதை திறந்த பிறகு வாங்கியது என்பார். கசற்றைப் போட்டுப் பார்த்தால் திரையில் 1985 என்று வரும். அது யப்பானில் விளையாட்டை எழுதிய ஆண்டு, பிரதி எடுத்த ஆண்டு அல்ல. கறுப்புப் பிசினும் ஒன்றும் சொல்லாது. இந்த இடத்தில் பட்டியல் வழி நிச்சயமாக மேலானது. அங்கே பொருளே தன் வயதைச் சொல்கிறது. இன்னொன்றிலும் அது மேலானது: எது இல்லை என்பது பட்டியல்காரருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வன்னிக்கு எத்தனை விதக் கசற் வந்தது என்று எழுதிவைத்தவர் எவருமில்லை.

மேலட்டையையும் நம்ப முடியாது. என் மஞ்சள் கசற்றின் அட்டையில் 9999999 விளையாட்டுகள் என்று போட்டிருக்கிறது. பொறுமையாக உட்கார்ந்து எண்ணினேன். வேறுவேறாக இருப்பவை பதினொன்று. மிச்சமெல்லாம் அவையேதான், வேறு கட்டத்தில் தொடங்குகின்றன. பெயரும் எழுத்துப்பிழையோடு மாறியிருக்கிறது. அந்தப் பதினொன்றையும் மட்டையில் எழுதினேன். இந்த எண்ணும் பழக்கம் மருமகனிடமிருந்து வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

பராமரிப்பில் இரண்டு வழிக்கும் ஒரே விதிதான். கசற் வேலைசெய்யாவிட்டால் வாயால் ஊதுவதுதான் உலகப் பழக்கம். ஊதக்கூடாது, எச்சில் ஈரத்தில் ஊசிகள் களிம்பேறும். ஐசோபுறோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிட வேண்டும். அழிறப்பரால் தேய்ப்பதை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், முலாம் போய்விடும். முல்லைத்தீவுக் கரையில் உப்புக்காற்று, கிளிநொச்சியில் புழுதி, மார்கழியில் எல்லா இடத்திலும் ஈரம். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் நிலத்தில் வைத்த பெட்டிகள் என்ன ஆகின என்பது இந்த இரண்டு மாவட்டத்தாருக்கும் தெரியும். மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், தட்டில் உயரமாக. சேமிப்புப் பற்றறி உள்ள கசற் கிடைத்தால் அது கசிந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

பொருளோடு சேர்த்து உள்ளடக்கத்தின் பிரதியையும் பேண வேண்டும் என்பது என் எண்ணம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த பிறகு, ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் எங்கள் ஏடுகளையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் ஏற்றிவருவது அந்தப் பட்டறிவிலிருந்துதான். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 வீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. முறைப்படி வெளிவந்து பெயரோடு பதிவானவற்றின் கதியே இது. பெயரில்லாத மஞ்சள் கசற்றுகள் அந்தக் கணக்கில் வரவேயில்லை. விளையாட்டின் உரிமை வேறொருவருடையது. அதை ஊருக்குப் பகிர்வது சட்டப்படி வேறு விடயம். ஆனால் மட்டையும் படமும் குறிப்பும் எங்களுடையவை. அவற்றை இரண்டு மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு இது. வன்னியில் சேர்ப்பவர் தடத்திலிருந்து தொடங்க வேண்டும். பட்டியல் வழியிலிருந்து இலக்கமிடுதல், படம் எடுத்தல், எண்ணிப் பார்த்தல் ஆகிய ஒழுங்குகளை எடுத்துக்கொள்ளட்டும். பெட்டி, கீறல், அசல் என்ற அளவுகோல்களை விட்டுவிடட்டும். மட்டை எழுதிய பத்துக் கசற் எனக்கு மட்டையில்லாத அறுநூறைவிடப் பெரிது. மருமகன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. போகும்போது தன்னுடைய பட்டியலின் கடைசித் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் "வவுனியா, மஞ்சள்" என்று எழுதிக்கொண்டு போனான்.

உங்கள் வீட்டு அலுமாரியிலோ பரணிலோ இப்படியொரு கசற் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பெயர் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். ஒரு கடதாசியில் ஆருடையது, எப்போது வந்தது, எந்த ஊர்களால் வந்தது என்று ஞாபகத்திலுள்ளதை எழுதி, கசற்றோடு சேர்த்து ஒரு டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். வாங்கித் தந்தவர் இன்னும் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்.