எழுத்துக்குப் பிறந்த லென்ஸ்

சமயநல்லூருக்குப் பக்கத்தில் தேனூர். சோழவந்தான் திசையில் இன்னும் கொஞ்சம் போனால் திருவேடகம். சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிவந்து ஒதுங்கிய இடம் ஏடகம் ஆயிற்று என்பது தலபுராணம். தேனூரில் கிடைத்ததோ புராணம் அல்ல, தமிழி எழுத்தில் கோதை என்ற பெயர் பொறித்த தங்கக் கட்டிகள். ஒன்று ஓலை, மற்றது பொன். இரண்டிலும் பொடி எழுத்து. கையால் திருகிக் குவிக்கும் பழைய மேக்ரோ லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தட்டானையும் தும்பைப்பூவையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் தேடுகிறார்கள். அந்த லென்ஸ் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று பார்த்தால், வைகைக் கரையின் ஏட்டுக்கும் பொன்னுக்கும்தான் அது நெருங்கிய உறவு. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த உறவே சொல்லிவிடுகிறது.

இதற்கு முதல் மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். 1955இல் ஹைன்ஸ் கில்ஃபிட் கொண்டுவந்த மேக்ரோ-கிலார், எழுத்துக்கென்று பிறந்தது அல்ல. அருகிலும் தொலைவிலும் எதையும் எடுக்கும் பொது லென்ஸ். உண்மைதான். ஆனால் இன்று பழைய சாமான் சந்தையில் அதிகம் கைமாறும் வம்சம் அடுத்த ஆண்டு ஜப்பானில் தொடங்கியது. நூல்களை மைக்ரோஃபிலிமில் சுருக்கிப் படியெடுக்கும் வேலைக்கு மேல்நாட்டு லென்ஸ்கள் ஆங்கிலம் போன்ற 26 எழுத்து மொழிகளுக்குப் போதுமானவையாக இருந்தன. ஜப்பானியர் எழுதும் காஞ்சி எழுத்தின் நெருக்கமான கோடுகளோ சுருங்கியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்தக் குறையைத் தீர்க்க 1956இல் வந்தது 5 செ.மீ., எஃப் 3.5 மைக்ரோ-நிக்கோர். 1961இல் நிக்கான் எஃப் கேமராவுக்காக அது 55 மி.மீ. ஆனது. சாதாரண லென்ஸைத் தாளுக்கு அருகே கொண்டுபோனால் நடு எழுத்து தெளியும், மூலை எழுத்து கலங்கும். மைக்ரோ-நிக்கோர் நான்கு மூலையையும் ஒரே தளத்தில் தெளிவாகப் பிடிக்கும். அதன் பெருமை உருப்பெருக்கத்தைவிட இந்தத் தட்டைத்தன்மையில்தான் இருக்கிறது.

தமிழ் ஏட்டுக்கு இது காஞ்சியைவிட ஒரு படி கூடுதலாகவே வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி ஓலையைக் குத்திவிடும். காலும் ரகரமும் ஒரே உருவில் நிற்கும். ஆகவே படத்தில் ஒரு பொட்டு தெரிந்தால் அது அபூர்வமாக வைத்த புள்ளியா, பூச்சி துளைத்த ஓட்டையா என்று ஓரத்திலும் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். இங்கே பொருள் தன் அளவிலேயே சென்சாரில் விழும் 1:1 அளவு வேண்டுமென்று அடம்பிடிக்கத் தேவையில்லை. முழு அளவு சென்சாரில் 1:2 போதும். 72க்கு 48 மி.மீ. பரப்பு அடங்கும், மூன்று நான்கு செ.மீ. ஓலை அகலம் அதில் தாராளமாக உட்காரும். பெரிய ஒளித்துளை உள்ள லென்ஸுக்குக் கூடுதல் விலை தருவதும் வீண். 1:1க்குப் போனால் எஃப் 2.8 என்பது நடைமுறையில் எஃப் 5.6 ஆகிவிடும்; தவிர, வளைந்த ஓலையின் மேடுபள்ளம் தெளிய எப்படியும் துளையைச் சுருக்கியாக வேண்டும்.

ஸ்கேனர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். திடமான, தட்டையான ஓலைக்கு ஸ்கேனர் நல்லதுதான்; நொறுங்கும் ஓலையைக் கண்ணாடியில் அழுத்த முடியாது, அவ்வளவே. தானியங்கிக் குவியம் உள்ள புது லென்ஸ் மேல் என்பது இன்னொரு வாதம். ஓடும் குழந்தைக்குச் சரி. தாங்கியில் தலைகீழாகத் தொங்கும் கேமராவுக்குக் கீழே ஓலை எங்கும் ஓடப்போவதில்லை. அங்கே நிதானமாக, நீளமாகத் திரும்பும் பழைய வளையமே கைக்கு அடங்கும். எனக்குக் கனமாகப் படும் மறுப்பு தேனூர்ப் பொன்னிலிருந்து வருவது. பளபளக்கும் உலோகத்தில் பொறித்த எழுத்து, பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியில்தான் எழுந்து நிற்கும். 55 மி.மீ. லென்ஸ் மிக அருகே குனிந்து தன் நிழலையே அதன் மேல் போட்டுவிடும். காசுக்கும் பொன்னுக்கும் டாம்ரான் 90 மி.மீ., எஃப் 2.5 போன்ற நீண்ட லென்ஸே ஏற்றது. அது தனியாக 1:2 வரைதான் போகும், நீட்டிப்பு வளையம் சேர்த்தால் மேலும் நெருங்கலாம். ஆக, ஓலைக்காரர் வாங்குவதைக் காசுக்காரர் வாங்கக் கூடாது.

பழைய லென்ஸில் பூஞ்சையை எல்லோரும் பார்க்கிறார்கள். மதுரைச் சமவெளியின் வெயிலில் நான் முதலில் சந்தேகப்படுவது எண்ணெயை. உள்ளே தடவிய மசகு இளகி, துளையின் இதழ்களில் படிந்து, அவற்றை ஒட்டவைத்துவிடும். 1980ஐ ஒட்டி வந்த 55 மி.மீ., எஃப் 2.8 மைக்ரோ-நிக்கோர் இந்த நோய்க்குப் பேர்போனது. சற்று மங்கலான எஃப் 3.5ஐ வாங்கினால் பணமும் மிச்சம். கடைக்காரர் முன்னாலேயே இதழ்களைச் சுருக்கி விரித்துப் பாருங்கள், சட்டென்று திரும்புகின்றனவா என்று. பிறகு சுவரில் ஒரு செய்தித்தாளை மடிப்பில்லாமல் ஒட்டி, கேமராவை அதற்கு நேராக நிறுத்தி, 1:2 அளவில் ஒரு படம். நடுவை விட்டுவிட்டு, நான்கு மூலையிலும் ஒற்றெழுத்துகளின் புள்ளி தனியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசலாம்.