மதிப்பெண்ணாக மாறும் பண்டம்: விளம்பர விளையாட்டும் குழந்தைகளும்

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் விளம்பரம் எவ்வளவு நேரம் வரலாம் என்பதற்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியது. வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடம். மற்ற நாட்களில் 12 நிமிடம். விளம்பரம் என்பது நிகழ்ச்சிக்கு நடுவே வந்து போவது என்று எண்ணிப் போட்ட கணக்கு அது. உணவு நிறுவனங்கள் தம் இணையதளங்களில் குழந்தைகளுக்கு இலவச விளையாட்டுகளைத் திறந்துவிட்டபோது அந்தக் கணக்கு பயனற்றுப்போனது. அங்கே விளையாட்டே விளம்பரம். கைசர் குடும்ப அறக்கட்டளை 2006இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய 77 தளங்களைப் பார்த்தது. 73 விழுக்காட்டுத் தளங்களில் விளையாட்டுகள் இருந்தன. மொத்தம் 546.

எண்ணிக்கையைவிட முக்கியமானது விளையாட்டின் உள்ளமைப்பு. கெல்லாக்ஸ் நிறுவனத்தின் ஃப்ரூட் லூப்ஸ் என்ற காலை உணவுத் தானியத்துக்கான விளையாட்டில், ஒரு பூதத்தின் வாயில் குழந்தை உணவை எறிய வேண்டியிருந்தது. பழத்தை எறிந்தாலும் மதிப்பெண் கிடைத்தது. ஆனால் ஃப்ரூட் லூப்ஸ் வளையத்தை எறிந்தால் கூடுதல். ‘பழத்தைவிட இது மேல்’ என்று வாய்திறந்து சொன்னால் எந்தப் பெற்றோரும் எதிர்த்துக் கேட்பார்கள். இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. குழந்தையின் கையே அதைத் திரும்பத் திரும்பச் செய்து பழகிவிட்டது.

இந்த விளையாட்டை 5 முதல் 8 வயதுக் குழந்தைகளிடம் மல்லின்க்ராட், மிசெர்ஸ்கி இருவரும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். விளையாடிய குழந்தைகளுள் சற்றுப் பெரியவர்கள் மற்ற உணவுகளைவிட அந்தப் பண்டத்தையே கூடுதலாக விரும்பினர். அதை வாங்கித் தரச் சொல்லும் எண்ணம் கூடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இது விளம்பரம்தான் என்று புரிந்துகொண்ட குழந்தைகளிடமும் அந்த விருப்பம் குறையவில்லை. ‘இது விளம்பரம்’ என்று ஓர் அறிவிப்பு ஒட்டினால் போதும் என்போரின் வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

நெதர்லாந்தில் ஃபோல்க்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் 8 முதல் 10 வயதுவரையான 270 குழந்தைகளிடம் நடத்திய சோதனை (2013) இன்னும் கவலை தருவது. உணவு இடம்பெற்ற விளம்பர விளையாட்டை ஆடியவர்கள், ஆடி முடித்ததும் மற்றவர்களைவிட அதிகம் தின்றார்கள். பழத்தை முன்னிறுத்திய விளையாட்டை ஆடியவர்களும் அப்படியே. அவர்களும் கை நீட்டியது பெரும்பாலும் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களுக்கே. ஆக, நல்ல உணவுக்கு நல்ல விளையாட்டு என்ற பரிகாரத்தையும் நம்பிவிட முடியாது.

பிரிட்டன் 2017 ஜூலை முதல், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளின் விளம்பரத்தைக் குழந்தைகளுக்கான இணைய ஊடகங்களிலும் தடுத்தது. பார்வையாளர்களில் 16 வயதுக்குட்பட்டோர் 25 விழுக்காட்டைத் தாண்டுகிறார்களா என்பது அங்கே ஓர் அளவுகோல். வரவேற்கத்தக்க விதிதான், ஆனால் அது ஆடுவோரின் தலையை எண்ணுகிறதே தவிர, ஆட்டத்துக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. பந்தயத் திடலின் சுவரில் ஒரு நிறுவனத்தின் பெயர் தெரிவது வேறு. தின்பண்டமே வெற்றிப் புள்ளியாக வருவது வேறு. முன்னதைத் தொலைக்காட்சி விளம்பரத்துக்குரிய விதிகளாலேயே கட்டுப்படுத்தலாம். பின்னதை, ஆடுவோரில் குழந்தைகள் எத்தனை பேர் என்று பாராமல், குழந்தைகள் ஆடக்கூடிய எந்த விளையாட்டிலும் முற்றாகத் தடைசெய்ய வேண்டும்.