ஒரு தேதியும் இரு நாள்களும்

உலக இலக்கிய வரலாற்றில் ஏப்ரல் 23 தனிச்சிறப்புப் பெற்ற தேதி. ஆங்கில நாடக மேதை வில்லியம் ஷேக்ஸ்பியரும், 'டான் குயிக்ஸாட்' என்னும் பெரும் புதினத்தைப் படைத்த ஸ்பானிய எழுத்தாளர் மிகெல் டி செர்வாண்டிசும் 1616ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ஒருசேர மறைந்தனர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. இரு பெரும் படைப்பாளிகளைக் காலன் ஒரே நாளில் கவர்ந்து சென்றான் என்று கேட்கும்போது உள்ளம் நெகிழ்வது இயல்பே. யுனெஸ்கோ நிறுவனம் 1995ஆம் ஆண்டு இத்தேதியை உலகப் புத்தக நாளாக அறிவித்தபோது இவர்கள் மறைவையே காரணமாகக் காட்டிற்று.

ஆயினும் இச்செய்தியை வரலாறு என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் வேறொரு நிறம் தெரிகிறது. செர்வாண்டிஸ் கண்மூடியது ஒரு வெள்ளிக்கிழமை. ஷேக்ஸ்பியர் கண்மூடியது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டுக்கும் இடையே பதினொரு நாள்கள் கழிந்திருந்தன. தேதி ஒன்றாகவும் நாள் வேறாகவும் அமைந்த இவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராய்தற்கு உரியது.

பத்து நாள்கள் மறைந்த கதை

உரோமப் பேரரசில் ஜூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டி கி.மு. 45 முதல் வழக்கிற்கு வந்தது. ஓர் ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்தே கால் நாள் என்பது அதன் கணக்கு. அந்தக் கால் நாளை ஈடுசெய்ய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஒரு நாள் கூட்டப்பெற்றது. ஆனால் கதிரவனின் ஆண்டு அக்கணக்கைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவானது. ஒரு தலைமுறைக்குள் எவர் கண்ணிலும் படாத இச்சிறு பிழை, ஏறத்தாழ 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகத் திரண்டுவிடும். கி.பி. 325இல் நைசியாப் பேரவை கூடிய காலத்தில் மார்ச் 21ஐ ஒட்டி நிகழ்ந்த சமபகல் இரவு, பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11ஆம் தேதிக்கே வந்துவிட்டது. ஈஸ்டர் பெருநாளைக் குறிக்கும் கணக்கு அந்நாளை ஒட்டியே அமைந்திருந்ததால் திருச்சபையினர் கவலை கொண்டனர்.

போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகரி 1582ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ஆணையிட்டு இப்பிழையைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆனால் தேதியோ அக்டோபர் 15. கிழமைகளின் வரிசை அறுபடவில்லை; தேதிகளில் பத்து மட்டும் மறைந்தன. இனியும் பிழை சேராதிருக்க, நூற்றாண்டு முடிவுகளில் 400ஆல் வகுபடாதவை மிகுநாள் ஆண்டுகள் ஆகா என்றும் விதி செய்யப்பட்டது. அதனால்தான் 1600உம் 2000உம் மிகுநாள் ஆண்டுகளாயின; 1700, 1800, 1900 ஆகியவை அவ்வாறு ஆகவில்லை.

அந்த ஓரிரவில் ஒரு கவிஞரின் உயிர் பிரிந்தது. ஸ்பெயினின் அவிலா நகரத்துத் தெரசா துறவி; பக்திப் பாடல்களும் உயர்ந்த உரைநடையும் எழுதியவர். ஆல்பா டி டார்மெஸ் என்னும் ஊரில் அக்டோபர் 4ஆம் நாள் இரவு அவர் மறைந்தார். பொழுது விடிந்தபோது அக்டோபர் 15. அவர் திருநாளும் இன்றுவரை அக்டோபர் 15ஆம் தேதியே கொண்டாடப் பெறுகிறது. ஓரிரவின் இரு கரைகள் பதினொரு தேதி தள்ளி நின்றன.

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவை புதிய முறையை உடனே ஏற்றன. இங்கிலாந்து ஏற்கவில்லை. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் ஜான் டீ என்னும் கணித அறிஞர் நாட்காட்டியைத் திருத்தலாம் என்று பரிந்துரைத்தும், ஆங்கிலத் திருச்சபையின் ஆயர்கள் இணங்கவில்லை. போப்பாண்டவர் வகுத்த கணக்கு என்பதே அதற்குத் தடையாயிற்று. இங்கிலாந்து மனம் மாற 1752ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அதற்குள் பிழை பதினொரு நாளாக வளர்ந்திருந்தது. ஆகவே அவ்வாண்டு செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமையாகக் கொள்ளப்பட்டது. ரஷியா 1918 வரை பழைய கணக்கையே பற்றி நின்றது. அக்டோபர் புரட்சியின் ஆண்டுவிழா நவம்பர் 7ஆம் நாள் கொண்டாடப்பட்டதன் காரணமும் இதுவே.

மாட்ரிடும் ஸ்ட்ராட்ஃபர்டும்

செர்வாண்டிஸ் 1547இல் பிறந்தவர். 1571ஆம் ஆண்டு லெபாந்தோ கடற்போரில் காயமுற்று இடக்கையின் பயனை இழந்தவர். பின்னர்க் கடற்கொள்ளையரிடம் சிக்கி அல்ஜியர்ஸ் நகரில் ஐந்தாண்டுகள் அடிமையாக வாடியவர். 'டான் குயிக்ஸாட்' முதற்பகுதி 1605இலும் இரண்டாம் பகுதி 1615இலும் வெளிவந்தன. 1616 ஏப்ரல் 18ஆம் நாள் இறுதித் திருச்சடங்கைப் பெற்ற அவர், மறுநாள் தம் கடைசிப் புதினமாகிய 'பெர்சிலெஸ்' நூலை லெமோஸ் பிரபுவுக்குக் காணிக்கையாக்கி முன்னுரை எழுதினார். சாவின் வாயிலில் நின்றும் எழுதுகோலைக் கைவிடாத அம்முதியவர், ஏப்ரல் 22 வெள்ளிக்கிழமை மாட்ரிட் நகரில் மறைந்தார். மறுநாள் நல்லடக்கம் நடைபெற்றது. பங்குக் கோவிலின் பதிவேட்டில் ஏறியது அடக்க நாளாகிய 23ஆம் தேதியே. அத்தேதியே பின்னர் அவரது மறைவு நாளாக நிலைத்தது. அவர் அடங்கிய கன்னிமாடத்தில் கல்லறை எவ்விடத்தது என்பதும் காலப்போக்கில் மறந்துபோயிற்று. அங்குக் கிடைத்த எலும்புகளுள் அவருடையனவும் இருக்கக்கூடும் என்று 2015ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

ஷேக்ஸ்பியரின் பிறந்த நாளுக்குப் பதிவு இல்லை. 1564 ஏப்ரல் 26ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு நடந்தது என்னும் குறிப்பே உள்ளது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாள் ஏப்ரல் 23 என்பதையும் கருதி, அந்நாளையே பிறந்த நாளாக மரபு கொண்டது. இறந்த நாள் ஏப்ரல் 23 என்பது ஸ்ட்ராட்ஃபர்டுக் கோவிலில் உள்ள அவரது நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது பழைய கணக்கின்படியான தேதி. மாட்ரிடின் கணக்கில் அந்நாள் மே 3.

ஆக, ஒருவர் திறத்தில் அடக்க நாள் மறைவு நாளாயிற்று. மற்றவர் திறத்தில் நாட்காட்டியே வேறாயிற்று. இரு வேறு காரணங்களும் ஒன்றுகூடி, நிகழாத ஓர் ஒற்றுமையை நிகழ்ந்ததாகக் காட்டிவிட்டன.

நாளை ஆக்கியவர் யார்?

புத்தக நாளின் தோற்றமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. பார்சிலோனாவில் பதிப்பாளராக விளங்கிய விசெந்தே கிளாவெல், செர்வாண்டிசின் பெயரால் ஒரு நாளை நூல்களுக்கு உரிமையாக்க வேண்டும் என முயன்றார். ஸ்பெயினில் 1926ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் முதல் புத்தக நாள் கொண்டாடப்பட்டது. அது செர்வாண்டிசின் பிறந்த நாளாகக் கருதப்பட்ட தேதி. பின்னர் 1930ஆம் ஆண்டு அவ்விழா ஏப்ரல் 23ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது. காடலோனியா நாட்டின் காவல் புனிதரும் ஜார்ஜே. அவர் திருநாளில் ரோஜா மலர் வழங்கும் வழக்கம் அங்கு முன்பே இருந்தது. மலரோடு நூலும் கைமாறத் தொடங்கியது. உலகம் பின்னர் ஏற்றுக்கொண்டது இவ்விழாவையே. எனவே அந்நாளைத் திருநாளாக்கியவை பதிப்பாளரின் முயற்சியும், வாங்கிப் படித்த மக்களின் அன்புமே எனலாம்.

ஏப்ரல் 23இல் வேறு சிலர் மறைவும் நிகழ்ந்துள்ளது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1850இலும், போர்க்காலக் கவிஞர் ரூபர்ட் புரூக் 1915இலும், வங்கம் தந்த திரைக்கலைஞரும் எழுத்தாளருமான சத்யஜித் ராய் 1992இலும் அத்தேதியில் மறைந்தனர். பட்டியல் நீள நீள, அந்நாளில் ஏதோ ஊழ்வலி உறைகின்றது என எண்ணத் தோன்றும். ஆனால் ஆண்டுக்கு நாள்கள் 365. எழுதி மறைந்தோரோ எண்ணிலர். எந்தத் தேதியைத் தொட்டாலும் சில பெரும்பெயர்கள் கிடைக்கவே செய்யும்.

ஷேக்ஸ்பியருக்கும் செர்வாண்டிசுக்கும் உண்மையில் ஓர் உறவு உண்டு. அது சாவினால் வந்ததன்று, படிப்பினால் வந்தது. 'டான் குயிக்ஸாட்' முதற்பகுதியைத் தாமஸ் ஷெல்டன் ஆங்கிலத்தில் பெயர்க்க, அந்நூல் 1612இல் அச்சாயிற்று. மறு ஆண்டே ஷேக்ஸ்பியர் சார்ந்திருந்த நாடகக் குழு 'கார்டெனியோ' என்னும் நாடகத்தை அரசவையில் நடித்தது. கார்டெனியோ என்பவன் செர்வாண்டிசின் நூலில் காதல் தோல்வியால் மதிமயங்கி மலைக்காட்டில் அலையும் இளைஞன். ஷேக்ஸ்பியரும் ஜான் பிளெட்சரும் சேர்ந்து அந்நாடகத்தை இயற்றினர் என 1653ஆம் ஆண்டுப் பதிப்புரிமைப் பதிவு கூறுகிறது. அதன் சுவடி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால், ஒரே தேதி என்னும் செய்தியினும் நூறு மடங்கு பெருமை வாய்ந்த சான்றாக அது விளங்கியிருக்கும்.

தமிழ் மரபில் நாள்

தமிழகம் பெரியோர் நாளைத் தேதியால் அன்றி விண்மீனால் எண்ணி வந்துள்ளது. அப்பரடிகளுக்குச் சித்திரைச் சதயம், ஞானசம்பந்தருக்கு வைகாசி மூலம், மணிவாசகருக்கு ஆனி மகம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி என்று இன்றும் குருபூசை நிகழ்கின்றது. கம்பன் காவியம் அரங்கேறியது பங்குனி அத்த நாள் என்பது மரபு. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தோற்றுவித்த கம்பன் விழாவும் பங்குனியை ஒட்டியே அமைந்தது. இந்நாள்கள் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் இடம் மாறும். மாறுவதனால் எவரும் மயங்குவதில்லை.

ஆங்கிலத் தேதியைக் கைக்கொண்ட பின்னரே தமிழுக்கும் இச்சிக்கல் வந்தது. மகாகவி பாரதி 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, நள்ளிரவு கடந்தபின் திருவல்லிக்கேணியில் மறைந்தார். நள்ளிரவில் நாள் பிறக்கும் ஆங்கிலக் கணக்கில் அது செப்டம்பர் 12. கதிரவன் எழுவதே நாளின் தொடக்கம் என்னும் பஞ்சாங்கக் கணக்கில் அவ்விரவு முந்தைய நாளுக்கே உரியது. 11 என்போரும் 12 என்போரும் தத்தம் கணக்கில் பிழையற்றவரே. மறைவின் நூற்றாண்டான 2021இல் தமிழக அரசு செப்டம்பர் 11ஐ 'மகாகவி நாள்' என அறிவித்தது.

நாட்காட்டி மனிதன் இட்ட கோடு. வெள்ளத்தில் இட்ட கோடு போன்று அது நகரவும் கூடும். ஆதலால் ஏப்ரல் 23ஐக் கொண்டாடுவதில் குற்றமில்லை. இருவரும் ஒருசேர இறந்தனர் என்று தவறாக மொழிந்து கொண்டாடுவதே குற்றம். உண்மையைச் சொன்னால் விழாவின் ஒளி குறையும் என அஞ்ச வேண்டுவதில்லை. இரு நாடுகள் நாளைக்கூட ஒன்றாக எண்ண மறுத்து நின்ற காலத்தில், ஒருவர் படைத்த பாத்திரம் கடல் கடந்து சென்று மற்றவர் குழுவின் மேடையில் ஏறிற்று. ஏப்ரல் 23ஆம் நாள் ஒரு நூலைக் கையில் எடுப்போர் எண்ணிப் போற்றத் தக்கது அதுவே.